அப்பாயியின் கொட்டாவியும் முண்ணாணும்

ஓ.எல். (சாதாரண தரம்) விஞ்ஞானத்தில் மைய நரம்புத் தொகுதி என்று ஒரு படம் வரும். மேலே மூளை, அதிலிருந்து முதுகெலும்புக்குள் கீழே இறங்கும் முண்ணாண், பக்கத்தில் பெயர் குறிக்க அம்புக்குறிகள். மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று எழுதிவிட்டு வந்தால் புள்ளி கிடைத்துவிடும், அப்புறம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தேவை வராது. ஆனால் அந்தப் படம் மனதில் ஓர் எண்ணத்தை விட்டுவிட்டுப் போய்விடுகிறது: மேலே இருப்பது யோசித்துக் கட்டளை போடும், கீழே இருப்பது அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். இது பாதிதான் சரி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதைப் புரியவைத்தது அப்பாயியின் கொட்டாவி.

அப்பாயி இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்று ஈ.பி.எஃப். காசு எடுத்த பிறகும் சும்மா இருக்க முடியாமல் கைக்காசுக்குப் பறித்தவர். ஒருநாள் காலையில் எழும்பும்போதே வலப்பக்கம் கையும் காலும் விழுந்திருந்தன. பாரிசவாதம். கால் மெல்ல மெல்லத் திரும்பியது, சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போகும் அளவுக்கு. கை மட்டும் வரவில்லை. "தூக்குங்க அப்பாயி" என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு தம் பிடித்துப் பார்ப்பார், விரல் நுனிகூட அசையாது. அப்படிக் கிடந்த கை ஒரு மத்தியானம், அவர் வாயை அகலத் திறந்து நன்றாக ஒரு கொட்டாவி விட்டபோது, முழங்கை மடங்கி மெதுவாக நெஞ்சுக்கு மேல் எழுந்து வந்தது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று மடியில் விழுந்துவிட்டது.

அத்தை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா, கெழவிக்குக் கை வருது, வேணுமின்னே தூக்காம கெடக்கு" என்றார். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்றார். அப்பாயிக்குப் பயம். தன் கை தன்னைக் கேட்காமல் எழும்பினால் யாருக்குத்தான் பயம் வராது?

அடுத்த கிளினிக்கில் சொன்னோம். டாக்டர் இளம்பெண், சிங்களத்தில் பேசினார், நான் அப்பாயிக்குத் தமிழில் சொன்னேன். நடிப்பும் இல்லை, அதிசயமும் இல்லை, இப்படிக் கை விழுந்த சிலருக்குக் கொட்டாவி விடும்போது அந்தக் கை உயரும், பயப்பட வேண்டாம் என்றார். அவ்வளவு சொல்லவே அவருக்கு நேரம் இருந்தது, வெளியே வரிசை நீண்டு கிடந்தது. மிச்சத்தை நான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தப் பள்ளிக்கூடப் படத்தின் மேல் கோபம்தான் வந்தது.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. முண்ணாண் வெறும் 35 கிராம் அளவு, சுண்டுவிரல் தடிப்பு, நீளம் 42 முதல் 45 சென்டிமீட்டர். அது முதுகெலும்பின் அடி வரை போவதும் இல்லை. இடுப்புப் பக்கத்து முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது வரும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே எலும்புக் கால்வாய்க்குள் இருப்பது நரம்புக் கற்றை மட்டும். எங்கள் பக்கத்தில் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம், தண்டு செத்துப்போகும், இனி நிமிர்ந்து கூடை தூக்க முடியாது என்று பயமுறுத்துகிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி போகிற இடம் முண்ணாண் முடிந்ததற்குக் கீழே. அதைத் தெரிந்துதான் அங்கே குத்துகிறார்கள்.

முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளம்பி உடம்புக்குள் போகின்றன. கையை அசைக்கும் செய்தி, மூளையின் மேற்பட்டையில் ஏறக்குறைய காதுக்கு மேலே உச்சி நோக்கி ஓடும் ஒரு பட்டையிலிருந்து தொடங்குகிறது. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டு எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று பார்த்து, 1937ல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். அந்தப் பட்டையில் முதுகு முழுவதற்கும் கிடைத்தது கொஞ்ச இடம், விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம். அங்கிருந்து இறங்கும் இழைகள் மூளையின் ஆழத்தில் ஓர் ஒடுக்கமான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பிறகு, மூளையின் அடியில் முண்ணாணோடு சேரும் நீள்வளைய மையவிழையத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை இடமும் வலமும் மாறிக் குறுக்கே கடக்கின்றன. அதனால்தான் இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழுகிறது. அப்பாயிக்கு அடைபட்டது அந்த ஒடுக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய். சீ.டி. படத்தில் டாக்டர் பேனா முனையால் காட்டிய கறுப்புப் புள்ளி ஒரு கடலைப் பருப்பு அளவுதான். அதே அளவு சேதம் மேற்பட்டையில் வேறெங்காவது வந்திருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம், இங்கே வந்ததால் ஒரு பக்கமே போனது. பேச்சு கொஞ்ச நாள் குழறியது, ஆனால் சொல் எதுவும் தொலையவில்லை. அத்தையைத் திட்டுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

சரி, கொட்டாவிக்கு வருவோம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை ஒரே மாதிரிதான் சொல்ல முடியும். மேற்பட்டை பங்களாவில் இருக்கும் துரை. மலையில் நின்று வேலை வாங்குவது கங்காணி, அது முண்ணாண். இரண்டுக்கும் நடுவில் கணக்கப்பிள்ளை, அது மூளைத்தண்டு. அப்பாயிக்கு அறுந்தது பங்களாவிலிருந்து மலைக்குப் போன நேர்க் கம்பி. ஆனால் கணக்கப்பிள்ளை நேரில் நடந்துபோய்க் கங்காணியிடம் சொல்லும் ஒற்றையடிப் பாதைகள் வேறு இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டாவி என்பது துரைக்குத் தெரியாமல் கீழேயே முடிவாகிற காரியம். கொட்டாவியின் கட்டளை அந்தப் பழைய பாதைகளில் இறங்கும்போது தோளுக்கும் முழங்கைக்கும் ஆணைபோடும் கங்காணியையும் உசுப்பிவிடுகிறது, கை உயருகிறது. இதுதான் மருத்துவர்கள் தரும் விளக்கம்.

கை செத்துப்போய்விட்டது என்று நாம் சொல்கிறோமே, அது தப்பு. தசையும் நரம்பும் முண்ணாணில் அந்தக் கைக்கான கலங்களும் உயிரோடுதான் இருக்கின்றன. அப்பாயி இஷ்டப்பட்டு அதை எட்டும் வழி மட்டும் போய்விட்டது. முகத்திலும் இதே கதைதான். "சிரிங்க" என்று டாக்டர் சொன்னபோது வாய் இடப்பக்கமாகக் கோணியது. ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்த என் அண்ணன் மகள் ஏதோ குறும்பு செய்தபோது இரண்டு பக்கமும் ஒழுங்காக விரிந்தது. சொல்லிச் சிரிக்கும் சிரிப்புக்கு ஒரு பாதை, தானாக வரும் சிரிப்புக்கு இன்னொரு பாதை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கொழுந்து பறிப்பதைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுக்கிற அழகு அதில் இருக்கலாம். நிரைக்குள் நின்று பார்த்தால்தான் வேலை தெரியும். பெருவிரலும் சுட்டுவிரலும் இலையின் கீழே போகும், இரண்டு இலையும் மொட்டும் சேரும் கணு எங்கே இளசாக ஒடியும் என்று விரல் நுனியே கண்டுபிடிக்கும், முற்றல் இலையைத் தொட்டவுடன் விட்டுவிடும், உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசும். இரண்டு கையும் தனித்தனியாக இதைச் செய்யும். இடுப்பில் ஈரப் படங்கு, தலையில் கயிறு, காலுக்குக் கீழே சறுக்கும் சரிவு. இத்தனைக்கும் நடுவில் வாய் பாட்டுக்கு யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள், போன மாதம் யாருக்கு எத்தனை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டார்கள் என்று பேசிக்கொண்டே போகும். புதிதாகப் பேர் பதிந்த பெண்ணால் இப்படிப் பேச முடியாது, அவள் ஒவ்வொரு கொழுந்தையும் கண்ணால் பார்த்துப் பறிக்க வேண்டும்.

பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு மூளிக்கு உண்டு. பிடரிக்கு மேலே, மூளையின் பெரிய பகுதியான மூளையத்துக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் அது மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹவுசெலும் கூட இருந்தவர்களும் மனித மூளையைக் கரைத்துக் கூழாக்கி எண்ணிப் பார்த்தபோது (2009ல் வெளிவந்த கணக்கு இது, எண்ணுவதற்கு வேறு நல்ல வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது) மொத்த நரம்புக்கலங்கள் சுமார் 8,600 கோடி, அதில் மூளியில் மட்டும் 6,900 கோடி. யோசனை, பேச்சு, திட்டம் எல்லாம் நடப்பதாக நாம் பெருமை பேசும் மேற்பட்டையில் இருப்பது 1,600 கோடி அளவு. மூளி எந்த அசைவையும் தானாகத் தொடங்கி வைப்பதில்லை. கை போக நினைத்த இடத்தையும் உண்மையில் போன இடத்தையும் ஒப்பிட்டு, அடுத்த முறை கொஞ்சம் சரிசெய்கிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் சரிசெய்த பிறகு, கை போகும் முன்பே எங்கே பிழைக்கும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. மூளி கெட்டால் கை கால் விழாது, தடுமாறும், குறி தப்பும், காலை அகட்டி நடக்க வேண்டி வரும். கசிப்பு குடித்தவரின் நடை அப்படி ஆவது அந்தச் சரக்கு மூளியையும் தாக்குவதால்தான்.

நடப்பதே ஒரு தனிக் கதை. 1911ல் தோமஸ் கிரஹாம் பிரவுன் என்ற பிரித்தானிய உடலியல் அறிஞர், முண்ணாணை மூளையிலிருந்து துண்டித்த பூனைகளில் காலிலிருந்து மேலே செய்தி போகும் வழியையும் அடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கால் தசைகள் நடையின் தாளத்தில் மடங்கி நீண்டன. அதாவது இடது வலது இடது வலது என்ற அந்தத் தாளம் முண்ணாணுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, மேலேயிருந்து யாரும் ஒவ்வோர் அடியையும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மனிதர்களில் மூளையின் உதவி இன்னும் அதிகம் வேண்டும், பூனையைப் போல அப்படியே வந்துவிடாது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், இந்த ஆள் ஒரு பெரிய மலையேறி. மோன் பிளாங்க் மலையின் பிரென்வா முகத்தில் 1927லும் 1928லும் புதிய வழிகளில் ஏறியவர். சரிவில் கால் வைத்து வைத்து முண்ணாணைப் பற்றி யோசித்திருப்பாரோ என்னவோ.

மழைக்காலத்தில் எங்கள் கால்களில் ஏறும் அட்டைக்கு இந்த விஷயத்தில் துரையே கிடையாது என்று சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் படித்திருப்பது அதன் உறவான மருத்துவ அட்டையை. அதற்குத் தலையிலும் வாலிலும் இரண்டு சின்ன மூளைகள், நடுவில் உடம்பு நெடுக 21 நரம்பு முடிச்சுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 400 நரம்புக்கலங்கள். அந்தந்தத் துண்டின் வேலையை அந்தந்த முடிச்சே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நம் முண்ணாணும் துண்டு துண்டாகத்தான் அமைந்திருக்கிறது, மேலே மூளை பெரிதாகிவிட்டதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. சுண்ணாம்பு வைத்தால் சுருண்டு விழும் அந்தச் சனியனிடம் இதற்கு மேல் மரியாதை காட்ட என்னால் முடியாது.

வாட்டில் டாக்டர் அப்பாயியின் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். இது எல்லோருக்கும் தெரிந்த தெறிவினை. ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு மருத்துவர்கள் 1875ல் தனித்தனியாக எழுதி வைத்தது. தட்டும்போது தொடைத் தசை கொஞ்சம் இழுபடுகிறது, அந்தச் செய்தி முண்ணாணுக்குள் போய் ஒரே ஓர் இணைப்பைத் தாண்டித் திரும்பி வருகிறது, தசை சுருங்குகிறது. சுருங்கத் தொடங்க வினாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு போதும். மூளை அதை உணரும் முன்னே கால் உதைக்கத் தொடங்கிவிட்டது. விஷயம் என்னவென்றால், வந்த புதிதில் துவண்டு கிடந்த அப்பாயியின் வலக்கால், சில வாரம் கழித்துத் தட்டியபோது இடக்காலைவிட ஓங்கி உதைத்தது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "கால்ல பெலம் வந்திருச்சு டாக்டர்" என்றார். டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

துரையின் வேலை கட்டளை போடுவது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருடைய பாதி வேலை கங்காணியை அடக்கி வைப்பது. கம்பி அறுந்ததும் கங்காணியின் அதிகாரம் ஏறிவிடும், சின்ன விஷயத்துக்கெல்லாம் சத்தம் போடுவார். தசை விறைப்பதும், கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்வதும், தட்டினால் கால் துள்ளுவதும் அதனால்தான். சும்மா இரு என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு குரல் நின்றுபோனதற்கு அடையாளம் அது. மைய நரம்புத் தொகுதியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: அதன் வேலையில் பெரும்பகுதி அசைவதில் இல்லை, அசையாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. புத்தகத்தில் செய்தி போகும் வழியைக் காட்டும் படங்களில் அம்புக்குறிகள் எல்லாம் தூண்டுவதற்கே போட்டிருக்கும். தடுக்கும் அம்புக்குறி ஒன்றுகூட இருந்த ஞாபகம் இல்லை.

பாதத்தைக் கீறிப் பார்ப்பதும் இதே கணக்கு. உள்ளங்காலின் ஓரமாகக் குதியிலிருந்து மேலே ஏதாவது மழுங்கிய முனையால் இழுத்தால் நம் பெருவிரல் கீழே மடங்கும். மேலேயிருந்து வரும் பாதை கெட்டிருந்தால் பெருவிரல் மேலே நிமிரும். பிரான்ஸில் பாபின்ஸ்கி 1896ல் சொன்னது. அப்பாயிக்கு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து அண்ணனின் கைக்குழந்தைக்கும் கீறிப் பார்த்தேன், அதற்கும் நிமிர்ந்தது! பயப்பட ஒன்றுமில்லை, ஏறக்குறைய ஒரு வயது, சிலருக்கு இரண்டு வயது வரை அப்படித்தான் இருக்கும். பிறக்கும்போது அந்த நீண்ட இழைகளுக்குக் கொழுப்பு உறை முழுதாகப் போர்த்தப்பட்டிருக்காது, செய்தி வேகமாக இறங்காது, பங்களாவில் துரை இன்னும் சரியாகக் குடியேறவில்லை.

இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலையில் சறுக்கி விழுந்தவரை, பலா மரத்திலிருந்து விழுந்தவரை, நாம் உடனே நான்கு பேர் கைகாலைப் பிடித்துக் கம்பளியில் போட்டுத் தூக்குகிறோம். கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் முண்ணாண் நசுங்கும். மூச்சை இழுக்கும் தசைக்கான நரம்பு கழுத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது துண்டுகளிலிருந்து கிளம்புகிறது, அதற்கு மேலே அறுந்தால் ஆள் அங்கேயே மூச்சில்லாமல் போய்விடுவார். தலையையும் கழுத்தையும் உடம்போடு ஒரே நேராகப் பிடித்து, பலகையோ கதவோ எதிலாவது உருட்டி ஏற்றுங்கள். அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லாவிட்டால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்கவே வேண்டாம்.

இன்னொன்று பாரிசவாதம். ரத்தக் குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பாரிசவாதம் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன்பு சீ.டி. எடுத்து, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா இல்லை அடைப்பா என்று பார்க்க வேண்டும். எங்கள் ரோட்டு வளைவுகளில் நாலரை மணி நேரம் என்பது ரொம்பக் கொஞ்சம். அப்பாயிக்கு எழும்பும்போதே விழுந்திருந்ததால் எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் அந்த மருந்து கொடுக்கவில்லை. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கையைப் பொறுத்தவரை தோள் முதலில் வரும், விரல்கள் கடைசியில், சில சமயம் வராமலும் போகும். கொட்டாவி கையைத் தூக்குமே தவிர விரலைத் தனித்தனியாக ஆட்டாது. அந்தப் பழைய பாதைகள் மொத்தமாக மடக்கவும் நீட்டவும்தான் உதவும். ஒரு விரலை மட்டும் பிரித்து அசைக்க, மேற்பட்டையிலிருந்து முண்ணாணின் விரல் கலங்களுக்கு நேராக வரும் இழைகள் வேண்டும். குரங்குகளிடமும் நம்மிடமும் அந்த நேரடி இணைப்பு நன்றாக வளர்ந்திருக்கிறது. கொழுந்தை ஒடிக்க வேண்டியதும் அதுதான். அப்பாயிக்கு அறுந்ததும் அதுதான்.

செத்த கலம் திரும்ப முளைக்காது, ஆனால் பக்கத்தில் பிழைத்த கலங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ளும், அதற்குத்தான் அந்த அலுப்புத் தட்டும் பயிற்சி. ஒரு நாளில் பத்துத் தடவை போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். இப்போது அப்பாயியின் வலக்கை பிடிக்கிறது, விடத்தான் மாட்டேன் என்கிறது. மடக்கும் தசைகள் விறைத்திருக்கின்றன, நீட்டும் தசைகளுக்கு மேலேயிருந்து வரவேண்டிய தூண்டல் போதவில்லை. பிஸியோதெரபி மிஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: விரல்களை நேராகப் பிடித்து இழுக்காமல், மணிக்கட்டை மெதுவாக உள்ளே மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். அத்தை அதைப் பழகிவிட்டார். போஞ்சிக்காய் நார் உரிக்கும்போது காயை வலக்கையில் செருகி வைத்துக்கொண்டு அப்பாயி இடக்கையால் உரிக்கிறார், ஒரு காய் முடிந்ததும் "இந்தா, வந்து அவுத்து விடு" என்று அத்தையைக் கூப்பிடுகிறார்.